சின்னவள் கிண்ணம்

ஊரில் யாராவது தப்பு செய்தால் திட்டு விழும். சின்னவள் செய்த தப்பைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, மேலே விளக்குப் போட்டார்கள்.

அலமாரி பட்டறை வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. பெரியவள் தினமும் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். அந்தப் பக்கம் திரும்பாமல் போக அவள் பழகிக்கொண்டாள். திரும்பாமல் போவதற்கும் அது அங்கேதான் இருக்கிறதா என்று ஒரு பார்வை தேவைப்பட்டது.

பெரியவளும் சின்னவளும் ஓரகத்திகள். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில் புழங்குகிறவர்கள். வேலையும் ஒரே இடத்தில்தான். அது ஒரு பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடம். பல வருடம் பூட்டிக் கிடந்ததை ஒரு அம்மாள் வாடகைக்கு எடுத்தார். தெருத்தெருவாக ஆள் அனுப்பி, வீடுகளில் தூக்கிப் போடும் ஷாம்பு பாட்டில், எண்ணெய் கேன், மூடி எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாகச் சேர்த்தார். கழுவி, அரைத்து, உருக்கி, அழுத்தி, தட்டு, முக்காலி, சோப்புப் பெட்டி என்று செய்து விற்க ஆரம்பித்தார். தெரு அவருக்குப் பாட்டில் மேடம் என்று பெயர் வைத்தது. அவர் காதுக்கும் அது போனது. "நல்லாத்தானே இருக்கு" என்று பலகையிலேயே எழுதிவிட்டார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு அங்கே வேலை. முன்பெல்லாம் வேலை என்றால் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பிள்ளை பள்ளிவிட்டு வரும்போது வீட்டுக் கதவு பூட்டியிருக்கும். இப்போது மதியச் சாப்பாட்டை வீட்டுக்கு நடந்து வந்தே சாப்பிடலாம்.

பெரியவள் தொடக்கத்திலிருந்தே பிரஸ்ஸில் நிற்கிறாள். அரைத்த துருவலைச் சதுரச் சட்டத்தில் நிரப்பி அடுப்பில் வைப்பது, இளகியதும் எடுத்துப் பிரஸ்ஸில் இறுக்குவது, ஆறிய பிறகு திறப்பது. இதில் மூன்றாவதுதான் முக்கியம். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். பொறுமையில்லாமல் திறந்தால் ஓரம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். பெரியவள் ஒரு நாளும் முன்னால் திறந்ததில்லை. அவள் செய்த தட்டை மேஜையில் வைத்து, விளிம்புக்கு அடியில் ஒரு தாளை நுழைத்துப் பார்ப்பாள். நுழையாது. நுழைந்தால் அந்தத் தட்டு அரவைக்குப் போய்விடும்.

சின்னவள் கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூட்டிப்போய்ப் பாட்டில் மேடத்திடம் சேர்த்துவிட்டது பெரியவள்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது.

தப்பு நடந்த அன்று பெரியவள் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். "தட்டு உள்ள இருக்கு. நான் வர்ற வரைக்கும் திறக்காத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சின்னவளுக்கு நிறம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆசை. திறந்துவிட்டாள். தட்டு ஈரத்துணி மாதிரி கையில் தொங்கியது. பெரியவள் பார்த்தால் தொலைத்துவிடுவாள் என்று பயந்து, பாட்டில் கழுவிவிட்டுக் கவிழ்த்து வைத்திருந்த இரும்பு வாளி ஒன்றின் மேல் அதைப் போட்டு, மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளி மறைத்தாள்.

ஒளித்து வைத்தது அப்படியே இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். அன்று மாலை வீட்டுச் சாமான் கடைக்காரர் ஒருவர் தட்டு வாங்க வந்தார். மூட்டைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். வாளியின் மேல் தட்டு ஆறிப்போய், நாலு மூலையும் மடிப்பு மடிப்பாகத் தொங்கி நின்றது. அவர் அதை எடுத்துத் திருப்பினார். திருப்பியதும் அது கிண்ணமாகிவிட்டது. நீலத்துக்குள் வெள்ளை ஓடி, விளிம்பு அலை அலையாக எழும்பி நின்றது.

"இது யாரு பண்ணினது?" என்றார்.

பெரியவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள், சின்னவள் அதை ஒளித்ததைப் பார்த்திருந்த அரவை மிஷின் அண்ணன் முந்திக்கொண்டார். மிஷின் சத்தத்தில் பாதிக் காது போய், அதற்கு ஈடாக இரண்டு மடங்கு பேசுகிறவர் அவர். "சின்னவங்க. நம்ம சின்னவ கைவேலைங்க" என்றார்.

கடைக்காரர் அந்தப் பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சின்னவள் கிண்ணம்.

பெரியவளின் தட்டுகளையும் அவர் வாங்கினார். எண்ணிப் பார்த்து வாங்கினார். கிண்ணத்தைத்தான் எண்ணாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

*

பட்டறை வாசல் அலமாரிக்குப் போகும் முன் அந்தக் கிண்ணம் ஒரு நாள் வீட்டுக்கு வந்தது. மாமியார் அதைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்துப் பழங்களை அடுக்கினாள்.

"என்ன அம்சமா இருக்கு பாரு. அந்தப் பெரியவ தட்டை எடு, இதுக்குக் கீழே வைக்கலாம். மேஜையில கீறல் விழாம இருக்கும்" என்றாள்.

பெரியவளின் புருஷன் சாதுவான ஆள். எலக்ட்ரிக் வேலை செய்கிறவன். வாயில் போட்டதை மென்றுகொண்டே, "உன் தட்டுதான் தாங்குது" என்றான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான்.

"ஆமா. தாங்கத்தான் நான் இருக்கேன்" என்றாள் பெரியவள்.

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அதெல்லாம் நான் ஒண்ணும் பண்ணலக்கா. அதுவா வந்துச்சு" என்றாள்.

அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. பாடுபட்டுச் செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். ஒருத்தி வருடக்கணக்காக ஒழுங்காகச் செய்தது தட்டு. இன்னொருத்தி சொன்ன பேச்சைக் கேட்காமல் செய்தது கலை. வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தம் போட்டன.

"என்னத்த உடைக்கிற அங்க?" என்றாள் மாமியார்.

"உடையறதா இருந்தா உடைஞ்சிருக்கும்."

*

அடுத்த வாரம் பாட்டில் மேடம் எல்லோரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார்.

"கடைக்காரர் நூறு கிண்ணம் கேக்கிறாரு. ஆனா ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கணும், அப்பதான் பெட்டியில போகும். ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கணும். இதைச் செஞ்சு கொடுத்துட்டோம்னா ரெண்டாவது பிரஸ் வாங்கிடலாம். இன்னும் நாலு பேருக்கு வேலை கொடுக்கலாம். அந்தப் பிரஸ்ஸைப் பாத்துக்க ஒருத்தர் வேணும். அவங்களுக்கு மட்டும் தினக்கூலி இல்ல, மாசச் சம்பளம்."

சொல்லிவிட்டுச் சின்னவளைப் பார்த்தார். யதார்த்தமாகப் பார்த்ததுதான். பெரியவளுக்கு நெஞ்சில் முள் தைத்தது.

அந்த இரண்டாவது பிரஸ் வரும் என்று முதலில் சொன்னவள் அவள். அதற்கு இடம் பார்த்து, மூலையில் கிடந்த பழைய ஐஸ் பெட்டிகளை நகர்த்திக் கூட்டி வைத்தவளும் அவள். மாசச் சம்பளம் என்றால் பிள்ளைக்கு நல்ல பள்ளி, மாமியார் முன் நிமிர்ந்து ஒரு பேச்சு. அதையெல்லாம் மனசுக்குள் கட்டி முடித்து வர்ணமும் அடித்துவிட்டாள். இப்போது குடியேறப் போவது வேறு ஆள்.

சின்னவள் வேலையை ஆரம்பித்தாள். முதல் கிண்ணம் நன்றாக வந்தது. இரண்டாவது ஒரு பக்கம் சரிந்தது. மூன்றாவது நடுவில் இளகித் தொங்கியது. நாலாவது வாளியை விட்டு வழுக்கித் தரையில் விழுந்து, விழுந்த வாக்கிலேயே ஆறியது.

அரவை அண்ணன் வந்து பார்த்தார். "இது தொப்பி. இது காக்காக் கூடு. இது என்ன, மாடு மிதிச்சதா?"

"அண்ணே, சும்மா இருங்கண்ணே" என்று சின்னவள் சிரித்தாள். அவளுக்கு எதற்கும் சிரிப்பு வரும்.

பெரியவள் தன் பிரஸ்ஸில் தட்டை இறுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பால் குடித்த பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாள்.

மறுநாளும் அப்படித்தான். காலையில் முதல் கிண்ணம் ஒழுங்கு, மற்றதெல்லாம் கோணல். அதற்கு அடுத்த நாளும் அதே கதை. "முதல் போணி மட்டும் அமோகம்" என்றார் அண்ணன். சின்னவள் சிரிப்பது குறைந்தது. மதியம் பெரியவள் பக்கத்தில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, அன்னிக்கு நான் என்ன பண்ணேன்னு எனக்கே தெரியலக்கா. அதே மாதிரிதான் திறக்கிறேன். அதே வாளிதான். நீங்க கொஞ்சம் பாருங்களேன்."

"எனக்கு என்ன தெரியும்? நான் தட்டு போடறவ" என்றாள் பெரியவள்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாளியிடம் திரும்பிப் போனாள்.

ஆனால் பெரியவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. அண்ணன் அந்தப் போணிப் பேச்சைச் சொன்ன நொடியிலேயே அவள் கை நின்றுவிட்டது. முதல் கிண்ணம் மட்டும் ஏன் ஒழுங்கு? காலையில் வாளி குளிர்ந்திருக்கும். சூடான பிளாஸ்டிக் தகடு விழுந்ததும் நடுப்பகுதி வாளியைப் பிடித்துக்கொண்டு உடனே இறுகிவிடும். ஓரம் மட்டும் இளகித் தொங்கும். ஒரு தகடு போட்ட பிறகு வாளி சூடாகிவிடும். அடுத்தது நடுவிலும் இளகும், சரியும், வழுக்கும். தப்பு நடந்த அன்று வாளி அப்போதுதான் கழுவின ஈரத்தோடு இருந்தது. அவ்வளவுதான் விஷயம். சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

அந்த ஒரு வாக்கியம் பெரியவள் வாயில் மூன்று நாள் கிடந்தது. சொன்னால் பிரஸ் சின்னவளுக்கு. சொல்லாவிட்டால் கிண்ணம் இல்லை, ஆர்டர் இல்லை, யாருக்கும் பிரஸ் இல்லை. தனக்கும் இல்லை. வெளியே தெருவில் இரண்டு பெண்கள் தினமும் வந்து, "புது மிஷின் எப்பக்கா வரும்? எங்களுக்கு இடம் இருக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

விடுமுறை நாளில் பாட்டில் மேடத்திடம் சாவி கேட்டு வாங்கினாள். "கொஞ்சம் சுத்தம் பண்ணணும்" என்றாள். சுத்தம் செய்யவும் செய்தாள், பொய்யாகிவிடக் கூடாது என்று.

பிறகு மூன்று வாளிகளை எடுத்தாள். இரண்டைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி வைத்து, மூன்றாவதைக் கவிழ்த்தாள். தகட்டின் ஓரத்தில் பளபளப்பு லேசாக மங்கும் நேரம் பார்த்துப் பிரஸ்ஸைத் திறந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக முன்னால் திறக்கிறாள். திறக்கும்போது கை கூசியது. யாரோ பார்க்கிறார்கள் போலத் திரும்பிப் பார்த்தாள். தகட்டை வாளியில் போட்டு, நாலு மூலையையும் கையுறையால் ஒரு தட்டுத் தட்டினாள். ஆறியதும் எடுத்தாள். வாளியைத் தொட்டிக்குள் போட்டு அடுத்த வாளியை எடுத்தாள். முதல் மூன்றில் மடிப்பு கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தது. அவற்றை அரவைக் கூடையில் போட்டாள். பிறகு கை பழகிவிட்டது.

சாயந்தரம் எட்டுக் கிண்ணங்கள் வரிசையாக நின்றன. ஒன்றுக்குள் ஒன்று போட்டாள். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தன.

*

மறுநாள் காலை பட்டறை முழுவதும் அந்த அடுக்கைச் சுற்றி நின்றது.

"பெரியவ, நீயா?" என்றார் அண்ணன். அவருக்கே அதற்குமேல் பேச்சு வரவில்லை.

சின்னவள் மேல் கிண்ணத்தை எடுத்தாள், கீழ் கிண்ணத்தை எடுத்தாள், இரண்டையும் அருகருகே பிடித்துப் பார்த்தாள். அவள் முகம் வாடும் என்று பெரியவள் காத்திருந்தாள். அதற்காகத்தான் அன்று சீக்கிரம் வந்திருந்தாள்.

"அக்கா, எப்படிக்கா?" என்றாள் சின்னவள். முகம் மலர்ந்து போயிருந்தது. "நான் அழுதே போயிட்டேன் இதால. நல்லவேளை, நீங்க பண்ணிட்டீங்க."

"பார்த்துப் பார்த்துதான்" என்றாள் பெரியவள். வாளியைப் பற்றிச் சொல்லவில்லை. சின்னவளும் அதற்குமேல் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே தோன்றவில்லை. தலையிலிருந்து மூட்டை இறங்கியவள் மாதிரி போய்ப் பாட்டில் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

நூறு கிண்ணமும் போய்ச் சேர்ந்தன. இரண்டாவது பிரஸ் வந்தது. தெருவில் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் வேலைக்கு வந்தார்கள், கூடவே இன்னும் இருவர். பாட்டில் மேடம் எல்லோர் முன்னிலையிலும் பெரியவள் கையைப் பிடித்துப் புது மிஷின் முன் நிறுத்தினார்.

"இது உங்களோடதும்மா. இனிமே கிண்ணம் முழுக்க உங்க பொறுப்பு. வேற எதுவும் நீங்க தொட வேணாம். கடைக்காரர் மாசாமாசம் கேக்கிறாரு."

பெரியவள் ஜெயித்துவிட்டாள். வீட்டில் மாமியார்கூட, "பெரியவளுக்கு முதல்ல போடு, மாசச் சம்பளக்காரி" என்றாள். கிண்டலா மரியாதையா என்று தெரியாத குரல். ஆனால் முதலில் போட்டாள்.

ஒரு வாரம் அந்த நினைப்பில் கழிந்தது. பிறகு கடைக்காரர் ஒட்டுவதற்குச் சீட்டுகள் அச்சடித்து அனுப்பினார். அழகான சீட்டு. சின்னவள் கிண்ணம் என்று வளைந்த எழுத்தில் போட்டிருந்தது.

"பேரை மாத்தச் சொல்லட்டுமா?" என்றார் பாட்டில் மேடம், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "ஆனா ஜனங்க அந்தப் பேரைச் சொல்லித்தான் கேக்கிறாங்களாம்."

"எதுக்கு மேடம்? பேருல என்ன இருக்கு" என்றாள் பெரியவள். ஒவ்வொரு கிண்ணத்தின் அடியிலும் அவளே தன் விரலால் அழுத்தி அந்தச் சீட்டை ஒட்டினாள். கோணல் இல்லாமல் ஒட்டினாள்.

இப்போது அவள் தினமும் செய்வது இதுதான்: தகட்டை இறுக்க வேண்டும், ஆறுவதற்கு முன் திறக்க வேண்டும், வாளியில் போட வேண்டும். சின்னவள் ஒரு மதியம் பயத்தில் செய்த தப்பை, நேரம் பிசகாமல், மடிப்பு மாறாமல், மறுபடி மறுபடி செய்ய வேண்டும். அந்தத் தப்பைச் செய்தவளுக்கே அது வராது. பெரியவளுக்கு மட்டும்தான் வரும்.

பழைய பிரஸ் சின்னவளிடம் போயிற்று. தட்டு போடுவது அவள் வேலை. அவள் தட்டு பாதி ஒழுங்கு, பாதி கோணல். கோணலானதைப் பார்த்துத் தானே சிரிப்பாள், தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பாள், சுவரில் சாய்த்துப் பார்ப்பாள். பெரியவள் தன் வேலையைப் பார்த்தபடியே அதையும் பார்ப்பாள். வாளி மாற்றும் நேரத்தில் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

ஒரு நாள் சின்னவள் எதையோ இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதைப் பாருங்களேன். தட்டைச் சுருட்டி நிமிர்த்தி வச்சேன். ஏன் வச்சேன்னு கேக்காதீங்க. இப்படி ஆயிடுச்சு."

பச்சையும் மஞ்சளும் கலந்த தகடு ஒன்று சுழன்று எழும்பி, நுனியில் பிரிந்து நின்றது. உள்ளே ஒரு விளக்கை வைத்தால் போதும். வெளிச்சம் அந்தப் பிரிவு வழியாக எப்படி வரும் என்று பெரியவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது. இவ்வளவு நாள் அந்தக் கிண்ணம்தான் தன் கண்ணை உறுத்துகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் ஒன்றுமேயில்லை.

"நீங்க பார்த்தா எப்படின்னு கண்டுபிடிச்சிருவீங்க" என்றாள் சின்னவள்.

பெரியவள் அதைக் கையில் வாங்கினாள். திருப்பினாள். இன்னும் இளஞ்சூடு இருந்தது.

"இது விக்காது" என்றாள். "நிக்கவும் நிக்காது. அரைச்சிரு."

"அப்படியாக்கா? சரி."

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு கேள்வி இல்லை, ஒரு வருத்தம் இல்லை. வாங்கிக்கொண்டு நேராக அரவை மிஷினுக்குப் போனாள். "அண்ணே, இந்தாங்க" என்றாள். அண்ணன் அதை ஒரு தடவை தூக்கிப் பார்த்து ஏதோ சொன்னார், சத்தத்தில் கேட்கவில்லை. போட்டார். மிஷின் கடகடவென்று கத்தியது. மறுபக்கத்தில் பச்சையும் மஞ்சளுமாகத் துருவல் கொட்டியது.

கொஞ்சம் நிம்மதி வரும் என்று பெரியவள் நினைத்திருந்தாள். வரவில்லை. கண்ணை மூடி அந்த வடிவத்தைப் பிடிக்கப் பார்த்தாள். சுழி வலப் பக்கம் போயிற்றா, இடப் பக்கமா? பிரிவு எந்த உயரத்தில் ஆரம்பித்தது? கையில் இருந்தபோது பார்க்காமல் விட்டுவிட்டாள். அளந்திருக்கலாம். வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் அளந்திருக்கலாம். இனி அது யாருக்கும் வராது.

தொட்டியில் வாளி குளிர்ந்து கிடந்தது. தகடு திறக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் சின்னவள் கூடையிலிருந்து அதே துருவலை அள்ளிச் சட்டத்தில் நிரப்பிக்கொண்டிருந்தாள். வாயில் ஏதோ பாட்டு. போனதைப் பற்றி அவளுக்கு ஒரு நினைப்பும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவள் பிரஸ் திறக்கிற சத்தம் கேட்டது. முன்னாலேயே திறந்துவிட்டாள்.

"அக்கா" என்று கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்களேன்."

பெரியவள் கையுறையைக் கழற்றாமலே, தன் தகட்டை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.